பிரிண்டர் வாயை மூட ஒரு பொத்தான்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் முக்கால் மணி நேரம் ஒரு ஐகானின் நிழலைப் பற்றிப் பேசினோம். இடப்பக்கம் விழுவதா, வலப்பக்கம் விழுவதா? ஆறு பேர், எல்லோரும் படித்தவர்கள். கடைசியில் நிழலே வேண்டாம் என்று முடிவாயிற்று.

மதியம் இன்னொரு கோரிக்கை: ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாக நோட்டிபிகேஷனை நிறுத்தும் வசதி வேண்டுமாம். இதோடு முப்பத்தேழு. வழக்கம்போல "திட்டத்தில் இல்லை" என்று எழுதி மூடினேன். எங்கள் கம்பெனி செய்கிற டெஸ்க்டாப் மென்பொருளில் அதற்கு ஒரே பொத்தான்தான். எல்லாம் வரும், இல்லையென்றால் எதுவும் வராது. போன வருடம் நான் வடிவமைத்தது. அதற்கு முன்னால் முசுடு ஒரு பக்கம் செய்து வைத்திருந்தார். (எதிர் வரிசை புரோகிராமர். பெயரைவிட இதுதான் பொருந்துகிறது.) ஒவ்வொரு ஆப்புக்கும் பதினோரு பொத்தான். விமானம் ஓட்டுகிற அறை மாதிரி இருந்தது. கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசி அதைத் தூக்கிப் போட வைத்தேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவது ஒரே எழுத்து: "ம்".

மார்ச் 4, புதன்

கழுத்து வலி. நாற்காலியைக் குறை சொல்லிவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 7, சனி

நாத்தனார் சாப்பிட வந்தாள். நாய், பூனை ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசை அவளுடையது. அங்கே கம்ப்யூட்டரில் எங்கள் டெஸ்க்டாப்தான் ஓடுகிறது. என் பேச்சைக் கேட்டு இவர்தான் போய்ப் போட்டுக் கொடுத்தார்.

கை கழுவிவிட்டு வந்து, நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, இவரைப் பார்த்துக் கேட்டாள்: "அந்த நோட்டிபிகேஷன் பட்டன் அண்ணி செஞ்சதுதானே, அண்ணா?"

"ஆமா, ஏன்?" என்றார் இவர், ஆபத்து தெரியாமல்.

விஷயம் இது. பிரிண்டர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மை குறைகிறது என்று கத்துகிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை பொத்தானை அணைத்துவிட்டாள். பிரிண்டரோடு, பரிசோதனை முடிவு அனுப்புகிற லேப் ஆப்பும் வாயை மூடிக்கொண்டது. ஒரு பூனையின் ரத்தப் பரிசோதனை முடிவு பதினோரு மணிக்கு வந்திருக்கிறது. இவள் பார்த்தபோது மணி நாலு. பூனைக்காரர் முன்னாலேயே டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

"பூனை பொழைச்சுடுச்சு. என் மானம்தான் போச்சு" என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "பிரிண்டரை மட்டும் நிறுத்தணும்னா அந்த ஆப்புக்குள்ளயே போயி நிறுத்திக்கலாமே" என்றேன்.

"அதுல அந்த வசதி இல்ல அண்ணி. நான் தேடாம இருப்பேனா?"

மார்ச் 8, ஞாயிறு

அதுக்கு நான் என்ன பண்றது? பிரிண்டர் செஞ்சவன் பண்ணின வேலை அது. அவன் போயி அது வாயை மூடட்டும். ஊர்ல இருக்கிற எல்லா ஆப்புக்கும் நானா பொறுப்பு?

இவரிடமும் இதையேதான் சொன்னேன். செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "நான் ஒண்ணுமே கேக்கலையேம்மா" என்றார்.

கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மார்ச் 10, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாத்தனாருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் நாலு மணி நேரம்.

இப்போது எல்லா அறிவிப்புகளையும் திரும்பப் போட்டிருக்கிறாள். அவை தோன்றுகிற மூலையில், நாய்க்குப் போடுகிற பிளாஸ்திரியை அகலமாக வெட்டித் திரைமேலேயே ஒட்டியிருக்கிறாள். கடிகாரமும் அதற்குள் மறைந்துவிட்டது. மணி என்ன என்று வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறாள். டிங் சத்தம் வரும்போதெல்லாம் பிளாஸ்திரியைத் தூக்கி எட்டிப் பார்க்கிறாள். ஒவ்வொரு டிங்குக்கும் ஒரு வெள்ளை நாய் குரைத்தது. அதன் கோபம் நியாயம்தான்.

எண்ணினேன். பிரிண்டர் பத்தொன்பது, ஊழியர்களின் அரட்டை இருபத்திரண்டு, அப்டேட் மூன்று, லேப் இரண்டு. நாற்பத்தாறில் இரண்டு.

இன்னொன்றையும் பார்த்தேன். முயலைக் கூடையில் வைத்துக்கொண்டு ஆறடி உயர மனிதர் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். நாத்தனார் தோளில் போனை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் சீட்டு எழுதி, இன்னொரு கையால் அவருக்குத் தண்ணீர் நகர்த்தினாள். அவர் அழுது முடிக்கும் வரை அடுத்தவரைக் கூப்பிடவில்லை. எங்களுக்குள் எட்டு வருடப் பழக்கம். இவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

கிளம்பும்போது கேட்டேன்: ஒவ்வொரு ஆப்புக்கும் பதினோரு பொத்தான் கொடுத்தால் உதவுமா?

"ஐயோ, எனக்கு எதுக்கு அத்தனை? லேப் கத்தணும். பிரிண்டர் வாயைத் தொறக்கக் கூடாது. மத்ததெல்லாம் சத்தமில்லாம வந்து ஓரமா நிக்கட்டும், நான் அப்புறமா பாத்துக்கறேன்."

பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டின் பின்பக்கம் இதை அப்படியே எழுதிக்கொண்டேன். கத்து. ஓரமாக நில். பேசாதே. ஒரு வருடமாக நான் யோசிக்காதது.

மார்ச் 12, வியாழன்

ஏப்ரல் வெளியீட்டுக்கு இருபதாம் தேதிக்குள் சேராத வேலை அடுத்த வெளியீட்டுக்கு, அதாவது ஆறு மாதம் கழித்துத்தான். புதிதாக எழுத நேரமில்லை. முசுடுவிடம் போவதைத் தவிர வழியில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவர் மேசையை மூன்று தடவை கடந்தேன். நாலாவது தடவை நின்றேன்.

"அந்தப் பழைய கோடிங் இன்னும் இருக்கா?"

"எந்தக் கோடிங்?" தெரியாதா அவருக்கு!

"நான் தூக்கிப் போடச் சொன்னது."

"ஓ, அதுவா." ஒரு கிளிக். திரையில் வந்துவிட்டது. "மாசா மாசம் தூசி தட்டித்தான் வச்சிருக்கேன்."

ஒரு வருடமாக! எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நான் சொல்ல நினைத்ததும் சொன்னதும் வேறு வேறு. "பதினொண்ணு வேண்டாம், மூணு போதும்" என்றேன்.

மார்க்கெட்டில் பேரம் பேசுவது போல் பேசினோம். கடைசியில் மூன்று நிலை, அதோடு ஒரு டிக்: திரை பூட்டியிருக்கும்போது உள்ளே இருப்பதைக் காட்டலாமா, கூடாதா. அது வேண்டாம் என்று நான் அடம் பிடித்தேன். "உங்க ரத்தப் பரிசோதனை முடிவை வர்றவன் போறவன் எல்லாம் படிச்சா சரியா?" என்றார். அந்த டிக்கையும் நானே பட்டியலில் எழுதிக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

கூட்டம். "போன வருஷம் ஒரே பட்டன் போதும்னு ஒரு மணி நேரம் பேசினது நீங்கதானே?" என்றார் டீம் லீடர். பதினொரு ஜோடிக் கண்கள்.

"நான்தான். அது தப்பு. எனக்கு அழகா இருந்தது, அவ்வளவுதான். அதை வச்சு வேலை செய்யறவங்க பக்கத்துல நான் போயி உட்காரவே இல்ல."

நாற்பத்தாறில் இரண்டு என்ற கணக்கையும் பிளாஸ்திரிக் கதையையும் சொன்னேன். சிரித்தார்கள். இருபதாம் தேதி வரை நேரம் கிடைத்தது.

வெளியே வரும்போது முசுடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்காகத்தானா? இல்லை, பின்னால் யாராவது வந்தார்களா?

மார்ச் 17, செவ்வாய்

மாதிரிப் பக்கத்தைக் காட்டுவதற்காக நாத்தனாரை ஆபீசுக்கு வரவழைத்தேன். ஆப்புகளின் பட்டியலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் அண்ணி, அகர வரிசையிலயா போட்டிருக்கீங்க? ரொம்பக் கத்தறவன்ல முதல்ல வரணும்? அவனைத் தேடித்தானே இங்க வர்றேன்!"

முசுடு சத்தமாகச் சிரித்தார். அவருக்குப் பற்கள் உண்டு என்பது இன்றுதான் தெரிந்தது. அரை மணி நேரத்தில் வரிசையை மாற்றிக் கொடுத்துவிட்டார். இப்போது அந்த வாரம் அதிகம் தொல்லை செய்த ஆப்தான் முதலிடத்தில்.

இரண்டு பேரும் கணினியைப் பற்றி என்னை மறந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

மார்ச் 20, வெள்ளி

சேர்ந்துவிட்டது. முசுடு "ம்" என்றார். இது வேறு "ம்".

ஏப்ரல் 2, வியாழன்

வெளியீடு. முப்பத்தேழு கோரிக்கைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து "செய்தாயிற்று, தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்று எழுதினேன். விரல் வலிக்கிறது.

மாலைக்குள் புதுக் கோரிக்கை ஒன்று: முன்பு இருந்தது போல ஒரே பொத்தானாக இருந்தால் எளிதாக இருக்குமாம். முசுடுவிடம் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

ஏப்ரல் 18, சனி

காலிங் பெல். நாத்தனார், கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு.

"அண்ணன் ஊர்ல இல்லையேம்மா, திங்கள்தான் வர்றார்."

"தெரியுமே" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, எனக்கும் சேர்த்துப் பழம் உரிக்க ஆரம்பித்தாள்.