ஏழாவது படத்துக்கு மார்க்

ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

பஸ் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாயாம், அண்ணி சொன்னாள். இருபது வருஷமாகப் பஸ் ஓட்டியும் இறங்கத் தெரியவில்லையா? ஆறு வாரம் மாவுக்கட்டோடு உட்கார்ந்தால் அண்ணியை ஒரு வழி பண்ணிவிடுவாய். அதனால் சின்ன வயசிலிருந்து நாம் கொண்டாடிய நம் இயக்குநரின் ஒன்பது படங்களையும் டிவிடியில் அனுப்பியிருக்கிறேன். நானும் இங்கே பார்க்கிறேன். அப்போது நோட்டில் போட்ட மாதிரி பத்துக்கு மார்க் போட்டு எழுது. என் கல்யாணத்துக்கு அப்புறம் நாம் 'சௌக்கியமா'வுக்கு மேல் பேசியதில்லை. எழுதியாவது பார்ப்போம்.

உன் தங்கை,
குட்டி

ஜூன் 13

அன்புக் குட்டிக்கு,

முதல் படம் ஆறு. கேமரா ஆடிக்கொண்டே இருந்தது. வலி மாத்திரையால் என்று நினைத்தேன். உன் அண்ணிக்கும் ஆடியதாம். இரண்டாவது எட்டு. மூன்றாவதுக்கு அப்போது பத்து போட்டோம், இப்போது ஐந்துதான். அந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. நான்காவதில் லாரிக்காரன் அத்தனை வளைவிலும் கியரே மாற்றவில்லை. அரை மார்க் கட். உன் அண்ணி எல்லாவற்றுக்கும் ஒன்பது போடுகிறாள். "பாவம், கஷ்டப்பட்டு எடுத்திருக்காரு" என்கிறாள்.

உன் அண்ணன்

ஜூன் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்றாவதுக்கு ஐந்தா? நெஞ்சில் ஈரமே இல்லையா உனக்கு? என் மார்க் ஒன்பது. இவர் வயரிங் வேலை முடித்து வந்து பாதிப் படம் தூங்குகிறார், முடியும்போது எழுந்து சரியாக மார்க் சொல்கிறார்!

ஐந்துக்கும் ஆறுக்கும் என் மார்க் ஏழு. அடுத்தது ஏழாவது படம். அதற்கு மட்டும் நீ நோட்டில் பூஜ்யம் போட்டு வைத்திருந்ததாக அம்மா ஒருமுறை சொன்னாள். அவ்வளவு மோசமா?

குட்டி

ஜூலை 2

குட்டி,

ஏழாவதைப் பார்த்து நாலு நாளாகிறது. எழுத வரவில்லை.

உன் கல்யாணத்தன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு பதிவு அலுவலகம் வரை வந்தேன். மாப்பிள்ளை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் நான். 'என்னைக் கேட்காமல் முடிவு பண்ணிவிட்டார்களே' என்ற வீம்பு. ரோட்டைக் கடக்கவில்லை. பக்கத்துத் தியேட்டரில் போய் உட்கார்ந்தேன். ஓடியது இந்தப் படம்தான். ஒரு காட்சிகூட மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து பூஜ்யம் போட்டேன்.

இப்போதுதான் உண்மையில் பார்த்தேன். எவ்வளவு நல்ல படம்! ஒன்பதரை. தப்பு என்னுடையது, குட்டி. மாப்பிள்ளையிடமும் சொல்.

அண்ணன்

ஜூலை 9

அன்புள்ள அண்ணனுக்கு,

கடையில் வைத்துப் படித்தேன். மூக்குக் கண்ணாடி விற்பவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றால் எந்த வாடிக்கையாளர் வருவார்? முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இவரிடம் கடிதத்தை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். "அந்த நீலச் சட்டையை நானும் பார்த்தேன். ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்திருக்கணும். அவரா வரட்டும்னு நின்னுட்டேன்" என்றார். பத்தொன்பது வருஷமாக என்னிடம் மூச்சுவிடவில்லை! கோபத்தில் சாயங்காலம் அவருக்கு டீ போட்டுத் தரவில்லை. பிறகு அவரே எனக்கு டீ போட்டு, சர்க்கரை போட மறந்து கொண்டுவந்து, திருட்டு முழி முழித்தார். சிரித்துவிட்டேன்.

கட்டு பிரித்ததும் அண்ணியோடு கிளம்பி வா. எட்டாவதும் ஒன்பதாவதும் இங்கேதான். எங்கள் வாசலில் நாலு படி. பிடித்து ஏற ஒன்றும் இல்லை. காலையில் இவர் கைப்பிடி வைக்க இரும்புக் கம்பி வாங்கி வந்துவிட்டார். சுவரில் துளை போட மெஷினும் கையுமாக நின்று, "இடது காலா, வலது காலா? கேட்டு எழுது" என்கிறார்.

உடனே பதில் போடு, அண்ணா.

குட்டி