வக்பு பிரஸ் ஓடுகிறது

விருதுநகர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி சாதிக் பாட்சாவுக்கு, அக்கா மெகருன்னிசாவின் ஸலாம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசலாம் என்றால் உன் மச்சான் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை ஜமாத் கூட்டத்தில் மறுபடியும் தன்னையே வக்பு சொத்தைப் பார்க்கும் முத்தவல்லியாக்க வேண்டும் என்று உன்னிடம் ஆதரவு கேட்டிருக்கிறாராமே. தம்பி, நீ அவருக்குக் கை தூக்காதே. கட்டிய பெண்டாட்டியே இப்படி எழுதுகிறாளே என்று திட்டாமல் முழுவதும் படி.

திருத்தங்கலில் வக்பு இடத்தில் அவர் தொடங்கிய, பள்ளிக்கூட நோட்டு அடிக்கும் பிரஸ்தான் பதினெட்டு விதவைகளுக்கு மாசாமாசம் அரிசி போட்டது. ஆடியோடு ஆர்டர் நின்றுபோனது. மனுஷன் யாரிடமும் மூச்சு விடவில்லை. எங்கள் கடையை விற்று அரிசி வாங்கினார். இனி விற்க ஒன்றுமில்லை. போன மாசம் பாதிப் பேருக்கு அரிசி போகவில்லை. கட்டடத்தை ஒரு கம்பெனி வாடகைக்குக் கேட்டது. அந்த வாடகையிலேயே அத்தனை பேருக்கும் அரிசி போடலாம். பிரஸை மூடமாட்டேன் என்று துரத்திவிட்டார்.

நேற்று பைண்டிங் பார்க்கும் செல்லத்தாய் வந்து அழுதாள். “பேப்பரே இல்லாம வெறும் மெஷின ஓட்டிக்கிட்டு நிக்காக, அக்கா. தெருவுல சத்தம் கேக்கணுமாம்” என்றாள்.

பேருக்கு அலைகிறார் என்கிறது ஊர். கமிஷன் அடிக்கிறார் என்கிறார்கள் சிலர், அந்த வாய் விளங்குமா! எனக்கல்லவா தெரியும். எங்கள் மகள் தஹ்மீனா காய்ச்சலில் மவுத்தானபோது, அடக்கிவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் நாற்பது நாள் எழவில்லை. பிள்ளை பேரில் ஒரு நல்ல காரியம் நடந்துகொண்டே இருந்தால் நன்மை அவளுக்குப் போய்க்கொண்டே இருக்கும் என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு எழுந்தவர்தான். பிரஸ் நின்றால் அவளுக்குப் போவதும் நின்றுவிடும் என்று பயப்படுகிறார். பதினோரு வயசுப் பிள்ளை தம்பி. என்ன பாவம் செய்தாள், இம்புட்டு நன்மை தேவைப்பட?

பொறுப்பை வாங்கிவிட்டு அவரை அப்படியே விட்டுவிடாதே. வீட்டுக்குக் கூட்டி வந்து, தஹ்மீனாவுக்குச் சேர வேண்டியதெல்லாம் சேர்ந்துவிட்டது மச்சான் என்று சொல். நான் சொன்னால் நம்பமாட்டார், என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். நீ சொல்லும்போது நானும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் பிள்ளைகளின் ஆயுளை அல்லாஹ் நீளமாக்கி வைக்கட்டும்.

உன் அக்கா,
மெகருன்னிசா