ஏன்குட்டிக்கு ஒரு பதில்

கடலில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குக் கரையில் இருப்பவள் எழுதுவது.

நானும் மகளும் நலம். எட்டு மாதமாக இந்த வரியை எழுதும்போதெல்லாம் பாதிப் பொய்தான் எழுதினேன். இன்று கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன்.

முதலில் உட்காருங்கள். எஞ்சின் அறையில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம், எண்ணெய்க் கையோடு இதைத் தொடவும் வேண்டாம். இன்று மாலை நாலே கால் மணிக்கு, சலவைக் கடையில் வைத்து, நம் மகள் 'ஏன்' என்று கேட்டாள். ஆமாம், அந்த வார்த்தையேதான். சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டையைத் தீய்த்துவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இதைப் போனில் சொல்ல மாட்டாயா என்பீர்கள். போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் எட்டு வார்த்தை குறுக்கே விடுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது. உங்கள் கம்பெனி அலுவலகத்தில் இருக்கும் அம்மாள், அடுத்த துறைமுகத்துக்குப் போகும் தபால் பையில் இதைப் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நினைவிருக்கிறதா, மூன்று வயதில் அவள் நம் பிராணனை வாங்கியது? பல்லி ஏன் கீழே விழல, உப்பு ஏன் வெள்ளையா இருக்கு, அப்பாவுக்கு ஏன் மீசை, அம்மாவுக்கு ஏன் இல்ல. தாங்க முடியாமல் 'ஏன்குட்டி' என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். ஒன்பது வருடம் வீட்டில் அதுதான் அவள் பெயர். பள்ளிக்கூடத்துப் பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி.

நடந்ததை நாம் இருவரும் ஒரு தடவைகூட முழுதாகப் பேசியதில்லை. நான் ஆரம்பிப்பேன், நீங்கள் "சரி, விடு" என்பீர்கள். இன்று விடுவதாக இல்லை. அவள் போனில் ஆடிய அந்த ஆன்லைன் விளையாட்டில், பதினான்கு வயதுப் பெண் என்று சொல்லிக்கொண்டு அவளோடு சிநேகமானது நாற்பத்தொரு வயது ஆள். முதல் ஒரு மாதம் வெறும் பாராட்டுதான். நீ நன்றாக வரைகிறாய், உன்னை யாருக்கும் புரியவில்லை, உன் அம்மாவுக்கு எப்போதும் வேலைதானே என்றெல்லாம். அப்புறம் ஒரு படம் கேட்டான். அதைக் காட்டி மிரட்டியே அடுத்ததை வாங்கினான். ஐந்து மாதம். அவள் பள்ளியிலிருந்து வந்து, நான் கடையிலிருந்து வருவதற்குள், நம் கூடத்து சோபாவில் உட்கார்ந்துகொண்டு பன்னிரண்டு வயதுக் குழந்தை தனியாக இதைத் தாங்கியிருக்கிறாள். அவனைப் பிடித்துவிட்டார்கள், வழக்கு நடக்கிறது. அது உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது, விஷயம் வெளியே வந்த அன்று நான் செய்தது. அவளைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டியவள், தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஏன் சொல்லல? ஏன் அனுப்புனே? ஏன்டி?" என்று கத்தினேன். அந்த வேகத்திலேயே உங்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நீங்களும் அதையேதான் கேட்டீர்கள். நாலு ஏன். கடைசியில் அவளைப் பள்ளிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். அவள் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் உங்களிடம் பூசி மெழுகித்தான் சொன்னேன். மெசேஜ் சத்தம் கேட்டால் அவளுக்குத் தூக்கிப்போடும், யாருடைய போனாக இருந்தாலும். அதனால்தான் என் போன் ஊமையாகக் கிடக்கிறது, நீங்கள் கூப்பிட்டால் எடுக்கவில்லை என்று கோபப்படுகிறீர்கள். ரொட்டி, பால், சோப்பு என்று மூன்று சாமான் சொல்லி அனுப்பினால் இரண்டோடு திரும்புவாள். வாய்ப்பாடு மறந்துவிட்டது. வகுப்பு ஆசிரியை அவளுக்குப் படிப்பில் அக்கறையே இல்லை என்று எழுதி அனுப்பினார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளை நாலாகக் கிழித்தேன், அப்புறம் ஒட்டி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன்.

மனநல மருத்துவர் என்றதும் பெரிய கண்ணாடியும் முறைப்புமாக ஒருவரை நினைத்துக்கொண்டு போனேன். இவர் என் வயதுக்காரி, காலில் ஹவாய் செருப்பு. என் பையிலிருந்த சலவை ரசீதின் பின்பக்கத்தை வாங்கி மூளையை வரைந்து காட்டினார். மூளையைக் கட்டுகிற வேலை இருபத்தைந்து வயது வரை நடந்துகொண்டே இருக்குமாம். பயத்தைக் கவனிக்கிற பகுதி சீக்கிரமே தயாராகிவிடுகிறது. நின்று யோசித்து, இது சரியில்லை, விலகு என்று சொல்கிற முன்பகுதிதான் கடைசியில் தயாராகிறது. அந்த இடைவெளியில்தான் அந்த ஆள் கை வைத்திருக்கிறான். மாதக்கணக்கில் ஒரு குழந்தை பயந்துகொண்டே இருந்தால் மூளை காவல் காப்பதிலேயே மும்முரமாகிவிடுமாம். படிக்க, நினைவில் வைக்க, வேடிக்கை பார்க்க அதற்குத் தெம்பு மிஞ்சாது. எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி ஆகாது என்றும் சொன்னார். நான் கேட்க வந்த ஒரே கேள்வியைக் கேட்டேன், என் பெண்ணின் மூளை கெட்டுவிட்டதா என்று.

"கெட்டுப்போகலம்மா. ஆபத்துல எப்படித் தப்பிக்கிறதுன்னு கத்துக்கிச்சு. ஆபத்து போயிடுச்சுன்னு அதுக்கு இன்னும் தெரியல" என்றார்.

அதை எப்படித் தெரியவைப்பது என்று கேட்டேன். வேளைக்குத் தூக்கம், தினமும் ஒரே ஒழுங்கு, கோபப்படாத மனிதர்கள், நிறையப் பொறுமை. வளர்கிற மூளை என்பதால் அடிபட்டது போலவே ஆறவும் தெரியுமாம். கூடவே ஒன்று சொன்னார். நடந்ததைப் பற்றி 'ஏன் செய்தாய்' என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வி குழந்தைக்கு 'உன் தப்புதான்' என்று கேட்கும்.

என்னைப் பற்றித்தான் தெரியுமே. பாதி சொன்னால் முழுதாகச் செய்கிறவள். வீட்டுக்கு வந்து அந்த வார்த்தையையே தடை செய்துவிட்டேன். ஃபிரிட்ஜில் சீட்டு எழுதி ஒட்டினேன், இந்த வீட்டில் இனி யாரும் அதைச் சொல்லக் கூடாது என்று. தமிழில் அந்த ஒரு வார்த்தை இல்லாமல் குடித்தனம் நடத்திப் பாருங்கள், அப்போது தெரியும். "பால் பொங்கியதற்குக் காரணம் யாது?" என்று செய்தி வாசிக்கிறவள் மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் 'எதுக்கு' என்பதும் அதற்கு உறவுக்காரன்தானே என்று அதையும் சேர்த்து விரட்டினேன். பள்ளி விட்டதும் அவள் கடைக்குத்தான் வருகிறாள், வீட்டில் தனியாக இருக்க மாட்டாள். அதனால் கடையிலும் சட்டம் போட்டேன். எங்கள் இஸ்திரிக்காரர், ஒரு நாளைக்கு மொத்தம் பத்து வார்த்தை பேசுவதால் நாங்கள் 'வாயாடி அண்ணன்' என்று கூப்பிடுகிறவர், அவர்கூட அந்தப் பத்தில் ஒன்றை இழந்தார். நாக்கு நுனிக்கு வந்தால் இருமிச் சமாளிப்பார்.

இன்று நடந்ததற்கு வருகிறேன். கடையில் துணி மடிக்கிற மேசையின் ஓரத்தில் அவளுக்கு ஒரு முக்காலி. எப்போதும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவாள், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று கண் அங்கேயே இருக்கும். இன்று முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி, மூன்றாம் நம்பர் மெஷினின் வட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கவனிக்கவில்லை, சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இது ஏன் கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் சுத்திட்டு, அப்புறம் அந்தப் பக்கம் சுத்துது?"

நான் அப்படியே நின்றேன். வாயாடி அண்ணன் என்னைப் பார்த்தார். சட்டம் போட்டவள் நான் அல்லவா. தலையை ஆட்டினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரே பக்கமாகச் சுற்றினால் துணியெல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும் பாப்பா, திருப்பிச் சுற்றினால்தான் பிரியும் என்றார். அவள் விடவில்லை. நடுவில் ஏன் நிற்கிறது? நிற்காமல் திருப்பினால் மோட்டார் போய்விடும். துணி எல்லாம் ஏன் கண்ணாடிப் பக்கமே வருகிறது? அதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லாமல், வேலையைப் போட்டுவிட்டு மெஷின் முன்னால் குந்தி உட்கார்ந்து அவளோடு பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஏழு ஏன். உங்கள் நாலையும் எண்ணியவள் இந்த ஏழையும் எண்ணினேன். தீய்ந்த வாடை வந்த பிறகுதான் கையில் இஸ்திரிப் பெட்டி இருப்பதே ஞாபகம் வந்தது.

சட்டை கடைத்தெருப் பல் மருத்துவருடையது. அவர் வந்ததும், மன்னிச்சுக்குங்க, என் பொண்ணு கேள்வி கேட்டுட்டா என்று சொல்லிச் சிரித்தேன், அழவும் செய்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே கோட் போட்டுக்கொள்கிறேன், விடுங்கள் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

இதோடு முடித்திருந்தால் இது சந்தோஷக் கடிதம் மட்டும்தான். வீட்டுக்கு வரும் வழியில், ரொட்டிக் கடை தாண்டி, சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தோம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். வண்டிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வீட்டுல அந்த வார்த்தையே சொல்லக் கூடாதுன்னு வெச்சியேம்மா. அப்ப என் பேரு?"

எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. அவளே சொன்னாள்.

"அப்பா அன்னைக்கே அந்தப் பேரைச் சொல்றத நிறுத்திட்டாரு. அப்புறம் நீயும் நிறுத்திட்டே. நான் அப்படிப் பண்ணினதால எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

பச்சை விளக்கு வந்து, போய், மறுபடி வந்தது. நாங்கள் அங்கேயே நின்றோம். எட்டு மாதமாக அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் அவள் பெயரைப் பிடுங்கி வைத்திருந்திருக்கிறேன். அவளைக் கட்டிக்கொண்டு, நடுத்தெருவில், "நீ ஒண்ணும் பண்ணலடி ஏன்குட்டி, அவன்தான் பண்ணினான்" என்றேன். எத்தனை தரம் சொன்னேன் என்று மட்டும் எண்ணவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவளே ஃபிரிட்ஜிலிருந்து சீட்டைக் கிழித்துப் போட்டாள். இப்போது பக்கத்து அறையில் ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றி, கைக்குட்டையைப் போட்டுச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். தரையெல்லாம் ஈரம், நான் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சாப்பிடும்போது வெளியே ஒரு கதவு அடித்துக்கொண்டது, அவள் கைத் தம்ளர் கீழே விழுந்துவிட்டது. நாளைக்கே பழையபடி வாயை மூடிக்கொள்ளவும் கூடும், அதற்கு மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார். ஆனால் திறக்க முடியும் என்று தெரிந்துவிட்டதே. எனக்கு அது போதும், குதிக்காத குறைதான்.

இன்றைய எட்டாவது ஏன்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். தம்ளரைத் துடைத்து வைத்துவிட்டுக் கேட்டாள், "அப்பா ஏன் என்கிட்ட பேசறதே இல்ல?" ஒவ்வொரு தரமும் நீங்கள் போன் செய்யும்போது, பக்கத்தில்தான் இருக்கிறாள், கொடுக்கட்டுமா என்று கேட்பேன். இல்லை, அப்புறம் பேசுகிறேன் என்பீர்கள். அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அப்பாவிடமே எழுதிக் கேட்கிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

ஆனால் உங்களை எனக்குத் தெரியும். அந்தப் போனை அவள் பிறந்த நாளுக்கு ஆசையாக வாங்கி வந்தது நீங்கள். அதை நினைத்து நினைத்து, அவள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு, நடுக்கடலில் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள். நான் உங்களைக் குறை சொல்லவில்லை, சத்தியமாக. ஆனால் வெட்கமும் கோபமும் ஒரு குழந்தைக்கு ஒரே முகமாகத்தான் தெரிகிறது. அப்பாவுக்கு என்மேல் கோபம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், நடந்ததைப் பற்றி ஒரு கேள்வியும் வேண்டாம். துணி ஏன் கண்ணாடிப் பக்கமே வருகிறது என்று எழுதுங்கள், நீங்கள் மெஷின் தெரிந்தவர்தானே. ஏன் பேசவில்லை என்பதையும் உண்மையாக எழுதுங்கள், இரண்டு வரி போதும். உறையின் மேல் பள்ளிப் பெயரைப் போடாதீர்கள். ஏன்குட்டி என்றே போடுங்கள். தபால்காரர் சிரித்தால் சிரிக்கட்டும், இந்தத் தெருவில் அந்தப் பெயருக்கு ஒருத்திதான் இருக்கிறாள். வாசலில் நின்று வாங்கிக்கொள்வாள்.

உங்கள் பதிலுக்கு இரண்டு பேராகக் காத்திருக்கும்,
கரையில் இருப்பவள்.