விட்டுக்கொடுத்த ஆட்டம்

மார்ச் 3

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் வயிற்றெரிச்சலோடு நலம். பயிற்சி முகாமில் கைபேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாமே, அதனால்தான் கடிதம்.

நீ உலகப் போட்டிக்குத் தேர்வானதிலிருந்து, நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனை வரவேற்பில் எனக்குப் பெயரே இல்லை. நேற்று ஒருவர் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, "நீங்க அந்த சக்கர நாற்காலி டென்னிஸ் பொண்ணோட அக்காதானே?" என்றார். அம்மா என் கோப்பைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அலமாரியை உனக்குக் காலி செய்துவிட்டாள். ஆறு வயதிலிருந்து ஆடியவள் நான். நாற்காலியில் ஆடுவதால் உனக்குப் பந்து இரண்டு முறை துள்ளலாம், ஓடி ஆடும் எனக்கு ஒரு முறைதான். அதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 11

என் அன்பு அக்காவுக்கு,

படித்துப் படித்துச் சிரித்தேன். இரண்டாம் துள்ளலைப் பிடிக்க நாற்காலியை எத்தனை தடவை திருப்ப வேண்டும் என்று ஒருநாள் உட்கார்ந்து பார். உள்ளங்கைக் கொப்புளத்தில் பேனா பிடிக்கவே எரிகிறது.

ஒன்று கேட்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன் கிளப்பில் உன்னை முதன்முறையாக ஜெயித்தேனே, அன்று எல்லோரிடமும், "பாவம், நான்தான் விட்டுக்குடுத்தேன்" என்றாய். அன்றிலிருந்து எதிராளி ஒரு பந்தைத் தவறவிட்டால்கூட, இவளும் பாவம் பார்க்கிறாளோ என்று கை தளர்ந்துவிடுகிறது. "ஜெயிக்கிற நேரத்துல ஏம்மா கோட்டை விடுற?" என்று பயிற்சியாளர் திட்டுகிறார். இருபதாம் தேதி முதல் ஆட்டம். உண்மையைச் சொல் அக்கா.

குட்டி

மார்ச் 15

குட்டி,

உன் கடிதத்தை இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். 'ஆமாம், விட்டுக்கொடுத்தேன்' என்று ஒரு பதில் எழுதினேன். அதை அனுப்பினால் நீ தோற்பாய் என்று தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். பிறகு கிழித்துப்போட்டேன்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. உயிரைக் கொடுத்து ஆடினேன். கடைசிப் பந்துக்கு விழுந்தடித்து ஓடினேன். நீ நான் இல்லாத பக்கமாகப் பார்த்து அடித்தாய். அதற்குப் பிறகு முழங்கால் வலி என்று டென்னிஸையே விட்டேனே, அதுவும் பொய். உன்னிடம் தோற்றதை என்னால் தாங்க முடியவில்லை.

அம்மாவிடமும் இன்று சொல்லிவிட்டேன். "அன்னைக்கே தெரியும்டி. நீ கதவைச் சாத்திக்கிட்டு அழுதது எனக்குக் கேக்கலையா?" என்றாள்.

பொறாமை இன்னும் போகவில்லை, போகும்போது சொல்கிறேன். இருபதாம் தேதிக்கு லீவு போட்டிருக்கிறேன். எவளும் உனக்குப் பாவம் பார்க்கவில்லை. அடி.

உன்னிடம் தோற்ற
அக்கா