விட்டுப்போன ‘ப்’

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முழங்காலுக்கு மட்டும் சுகமில்லை. நீயும் சுகம் என்று அம்மாவிடம் ஃபோனில் சொல்கிறாயாம். என்னிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா இழுத்த இழுப்புக்குத் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். கண்ணாடி வீட்டுக்குள் தாம்பாளம் போல இலை விரித்த அல்லி, ஆள் உயரக் கள்ளி எல்லாம் இருந்தன என்கிறாள். நான் பார்த்தது ஒரு பலகை. ‘பூக்களை பறிக்காதீர்.’ நடுவில் ப் இல்லை. முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவனின் கை சும்மா இருக்குமா, கயிற்றைத் தாண்டிப் போய்ச் சிவப்புப் பேனாவால் ஒரு ப் போட்டேன், திரும்பினால் காவலாளி. பூவப் பறிச்சா என்ன செய்யணும்னு தெரியும், எழுத்தச் சேத்தா என்ன செய்யணும்னு யாரும் சொல்லித்தரலையே பெரியவரே என்று தலையைச் சொறிந்தார். உதவிக்கு அம்மாவைக் காட்டினேன். இவரு யாருன்னே தெரியாது, பஸ்ல பக்கத்துல உக்காந்து வந்தாரு என்று சொல்லிவிட்டு அவள் ரோஜா பார்க்கப் போய்விட்டாள்.

அலுவலக அறையில் உட்காரவைத்தார்கள். கையெல்லாம் மண்ணோடு ஒரு தோட்டக்கார அம்மா வந்தார், பலகையை எழுதியவரே அவர்தானாம். இரண்டாம் வேற்றுமை உருபை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எட்டு வருஷமா நிக்குது சார், ஒருத்தரும் பூவத் தொடல, எல்லாரும் புரிஞ்சிக்கிட்டாங்க, நீங்க மட்டுந்தான் படிச்சீங்க என்றார். காவலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை.

நீ அங்கே போய் எழுதிய முதல் கடிதம் நினைவுக்கு வந்தது. பதினேழு பிழைகள். காச்சல் என்று எழுதியிருந்தாய், நடுவில் ய் போட்டேன். காய்ச்சல் விட்டதா என்று கேட்கவில்லை. உன் கடிதத்தை திருத்தி அனுப்பியது என் தவறு. அதன்பின் நீ எழுதவே இல்லை. அம்மா என்னைச் சிவப்பு மை என்றுதான் கூப்பிடுகிறாள், காய் வாங்கும் சீட்டைக்கூட ஒளித்துவைக்கிறாள்.

குளிரில் காதை மூடிக்கொள். காய்ச்சல் வந்தால் எப்படி வேண்டுமானாலும் எழுது. பேனாவை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் ஓர் ஒற்று குறைகிறது (பலகையில் விடுபட்டது கணக்கில் வராது), தெரிந்தேதான் விட்டேன். கண்டுபிடித்து, சிவப்பு மையில் போட்டு, இதையே திருப்பி அனுப்பு. தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு.

உன் அப்பா,
நீல மையில்.