வரிசையில் வைத்த பைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதறது. இங்கே நானும் உங்கம்மாவும் சௌக்கியமா இருக்கோம், அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லாத் தூங்கி தெம்பா இருக்கணும்னு தினமும் நினைச்சுக்கறோம். என்னடா இந்த மனுஷன் திடீர்னு பேனாவைப் பிடிச்சுட்டாரேன்னு நினைப்பே. போன்ல பேசினா உங்கம்மா பக்கத்துல வந்து நிப்பா, அவளைப் பத்தின சேதியை அவளை வச்சுக்கிட்டே எப்படிச் சொல்றது. விஷயம் இதுதான், போன வாரம் உங்கம்மா அந்தப் பக்கம் போன ஒரு நிமிஷத்துல நீ என்கிட்ட மட்டும் போன்ல சொன்னியே, அம்மா இப்படி வாடிப் போறது மனசு கேக்கல, வேலையை விட்டுட்டுத் திரும்பி வந்துடறேன்னு. அந்த ராஜினாமாவை இன்னும் கொடுக்கலைன்னா கொடுக்காதே. கொடுத்திருந்தா திருப்பி வாங்கு. ஏன்னு சொல்றேன், பொறுமையாப் படி, அப்பா சுத்தி வளைச்சுத்தான் வருவேன்.

நீ சொன்னது பொய் இல்லை. நீ போனதுலேர்ந்து உங்கம்மா பாதி ஆளாயிட்டா. பை தைக்கிற மெஷினை விட்டு எழுந்திருக்கறதில்லை, கேட்ட கேள்விக்கு ம், ஊஹூம், அதோட சரி. சாயங்காலம் அந்தத் தொடர் வர்ற நேரத்துக்கு டிவியைக்கூடப் போடறதில்லை. உங்க ரெண்டு பேருக்கும் உசிரான அந்த வில்லன் நடிகர் எதிராளியைக் கவுக்கத் திட்டம் போட்டுட்டு மீசையை நீவற கட்டம் வந்தா முன்னெல்லாம் வீடே அதிரும், நான் காதைப் பொத்திக்கிட்டு பக்கத்து ரூமுக்கு ஓடுவேன். இப்போ ஓட வேண்டிய வேலையே இல்லை. பேசாத பொண்டாட்டி வேணும்னு இத்தனை வருஷம் விளையாட்டாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் நான், கிடைச்சப்புறம்தான் அது எவ்வளவு பெரிய தண்டனைன்னு புரிஞ்சுது. எனக்குப் பயமாத்தான் இருந்தது, உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு.

அப்போதான் கடைத்தெருவுல புத்தகக் கடைக் கண்ணாடியில வில்லனோட படம் ஒட்டியிருந்தாங்க. தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமா எழுதியிருக்காராம், சனிக்கிழமை நேர்ல வந்து வாங்கறவங்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவாராம். ஓடி வந்து உங்கம்மாகிட்ட சொன்னா, பாப்பா இல்லாம நான் மட்டும் போய் என்ன பண்றதுன்னு ஊசியில நூல் கோத்துக்கிட்டே சொல்லிட்டா. முன்னெல்லாம் அவர் கையெழுத்துக்காக நீங்க ரெண்டு பேரும் போய் வந்த லட்சணம் எனக்குத் தெரியாதா. மழையில நின்னு வாங்கின கையெழுத்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள நீலக் கறையாப் போனது, அரை நாள் கால் கடுக்க நின்னப்புறம் அவருக்குக் காய்ச்சல், வரமாட்டார்னு கதவைச் சாத்தினது, உன் பேரை விட்டுட்டு முன்னால நின்ன யாரோட பேரையோ எழுதிக் கொடுத்து அனுப்பினது. அன்னிக்கெல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவீங்க, தட்டை எடுத்து வைக்கறதுக்குள்ள அடுத்த தடவைக்குத் திட்டம் ஆரம்பிச்சுடும். ஒரே ஒரு தடவை அவர் உங்கம்மாவைப் பார்த்து போன தடவையும் வந்தீங்கள்லன்னு கேட்டுட்டார், அதுக்கப்புறம் ஒரு வாரத்துக்கு உங்கம்மாவுக்குக் கால் தரையில பாவலை, எனக்கும் நல்ல சாப்பாடு கிடைச்சுது. அதையெல்லாம் யோசிச்சுப் பார்த்துட்டு, சரி நீ வராட்டிப் போ நானே போய் வரிசையில நின்னு வாங்கிட்டு வர்றேன்னு சட்டையை மாட்டினேன். நீங்க தனியாப் போனா காரியம் உருப்பட்ட மாதிரிதான்னு முணுமுணுத்துக்கிட்டே அவளும் கிளம்பிட்டா.

கடை திறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே போய், முன்வரிசைன்னு சொல்ற மாதிரி நல்ல இடமாப் பிடிச்சுட்டோம். உங்கம்மா படிக்கட்டுல உட்கார்ந்து, வர்றவங்க முகத்தைக்கூடப் பார்க்காம அவங்க தோள்ல தொங்கற பையையே பார்த்துக்கிட்டிருந்தா. அவ தொழில் புத்தி அப்படி. கொஞ்ச நேரத்துல வெயில் ஏறிடுச்சு, ஒவ்வொருத்தரா தன் பையைத் தான் நின்ன இடத்துலயே வச்சுட்டு எதிர்ல இருந்த டீக்கடை நிழலுக்குப் போயிட்டாங்க. முகம் கழுவிட்டு வர்றேன், நம்ம பையைப் பார்த்துக்கோங்கன்னு உங்கம்மாவும் போனா. நடைபாதையில நானும் அத்தனை பையும்தான். நீயே சொல்லு, பஸ் ஸ்டாண்டுல தவறவிட்ட பொருள் அறையில இத்தனை வருஷமா உட்கார்ந்திருக்கறவன் நான், ஆளில்லாத பையைப் பார்த்தா என் கை சும்மா இருக்குமா. போதாக்குறைக்கு வழியில போன ஒரு பெரியவர் ஒரு பை வாரு தடுக்கி விழப் பார்த்தார். அவ்வளவுதான், எல்லாப் பையையும் தூக்கி சுவரோரமா, பெருசெல்லாம் அடியில, சின்னதெல்லாம் மேல, ஜிப் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கற மாதிரி, ஆபீஸ்ல அடுக்கற மாதிரியே அடுக்கிட்டு, அப்பாடான்னு கையைத் தட்டிக்கிட்டேன். பைதான் அங்கே ஆளுக்குப் பதிலா வரிசையில நிக்குதுன்னு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்.

அப்புறம் நான் வாங்கிக் கட்டிக்கிட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. கடையைத் திறக்கப் போறாங்கன்னு எல்லாரும் ஓடி வந்தாங்க, வந்து பார்த்தா வரிசை இல்லை, கோபுரம்தான் இருக்கு. எல்லாரும் தான்தான் முதல்னு கத்தறாங்க. அதுல பஸ் கண்டக்டர் வேலை பார்க்கற அம்மா ஒருத்தி, அவ குரல் தெருக்கோடி வரைக்கும் கேக்கும், உங்களுக்கு மூளை எங்கேயிருக்கு பெரியவரேன்னு என் மூஞ்சிக்கு நேரா கேட்டா. ஒரு பல் டாக்டர் பதவிசாப் பேசற மாதிரியே இருந்துக்கிட்டு என்னைப் போலீஸ்ல சொல்லணும்னார். நான் திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நிக்கறேன். அப்போதான் ரோட்டைத் தாண்டி உங்கம்மா வந்தா. வந்தவ என்ன ஏதுன்னு கூடக் கேக்கல, அந்தக் கோபுரத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, புரிஞ்சுபோச்சு. எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் திருடல, ஒழுங்கா அடுக்கி வச்சிருக்கார், அவரை யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம், எல்லாரும் வாயை மூடுங்கன்னு ஒரு அதட்டல் போட்டா பாரு. கண்டக்டர் அம்மாவே கப்சிப். அப்புறம் ஒவ்வொரு பையா எடுத்து, இந்த ஜிப் போன பை முதல்ல இருந்தது, யாருது, வாங்க, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் மாத்தித் தைச்சது அடுத்தது, இந்த உள்துணி பிதுங்கினது அதுக்குப் பின்னாலன்னு, பையை வச்சே ஆளை நிறுத்தி முழு வரிசையையும் திரும்பக் கட்டிட்டா. போற போக்குல டாக்டரோட பைக்குத் தையல் விட்டிருக்கு, என் தையல் கடைக்குக் கொண்டு வாங்கன்னு வேற சொன்னா. நம்ம பை வந்ததும் அதை மட்டும் எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டா. தப்பு எங்களுது, நாங்க கடைசியில நின்னுக்கறோம்னா. டாக்டரே வேண்டாம் முன்னால வாங்கன்னு கூப்பிட்டார், அசையலையே.

கையெழுத்து கிடைக்கல. எங்களுக்கு முன்னால இன்னும் பத்துப் பேர் இருக்கும்போதே வில்லனுக்கு ஷூட்டிங் நேரமாயிடுச்சுன்னு பின்வாசல் வழியாக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. போச்சு, நம்மால கெட்டுதேன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். மன்னிச்சுக்கோன்னு சொல்லலாம்னு திரும்பினா உங்கம்மா அங்கே இல்லை. டீக்கடையில கண்டக்டர் அம்மாவோட உட்கார்ந்துக்கிட்டு, தொடர்ல வில்லன் செய்யறது நியாயமா இல்லையான்னு மேஜையைத் தட்டிச் சண்டை போட்டுக்கிட்டிருக்கா. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் என் கோபுரத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா, நடக்க முடியாம ஒரு மதில்மேல உட்கார்ந்து சிரிச்சா. அன்னிக்கு சாயங்காலம் டிவியைப் போட்டா, மீசை நீவற கட்டம் வந்தது. நான் பக்கத்து ரூமுக்குப் போகல பாப்பா. அங்கேயே உட்கார்ந்து முழுசாப் பார்த்தேன். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, கதையில உருகிட்டேன்னு உங்கம்மா நினைச்சுக்கிட்டா.

இதுக்குமேல நான் என்ன சொல்ல. உனக்கே அந்த ஊர் பிடிக்கலை, வேலை பிடிக்கலைன்னா இன்னிக்கே வா, வாசல்ல வந்து நிக்கறேன். ஆனா அம்மாவுக்காகன்னு வராதே. நீ ஆசைப்பட்டுப் போன வேலை, அதை அவளுக்காக விட்டதாத் தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. குளிருக்குக் கழுத்தை மூடிக்கோ, ஆபீஸ்ல யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டா வேலை இருக்குன்னு சொல்லாம கூடப் போ. எல்லா நலமும் உனக்குச் சேரணும், நோய்நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும்னு மனசார ஆசீர்வாதம் பண்றேன்.

ஒண்ணு மட்டும் மறக்காதே. இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணும்போது நான்தான் எடுப்பேன், என் குரலைக் கேட்டுப் பதறாதே. உனக்குத் தெரியாது, நீ போன நாள்லேர்ந்து ஞாயித்துக்கிழமைன்னா உங்கம்மா குளிக்கக்கூடப் போகாம போன் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பா. அன்னிக்குப் பக்கத்து ஊருக்கு வில்லன் வர்றாராம், கண்டக்டர் அம்மாவோட முதல் பஸ்ஸுக்கே கிளம்பறா, என்னை வரவேண்டாம்னு ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லிட்டாங்க. அன்னிக்குப் பாப்பா போன் பண்ணுவாளேன்னு நான் ஞாபகப்படுத்தினேன். அதனால என்ன, திங்கக்கிழமை பேசிக்கறேன்னு சொல்லிட்டா.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அப்பா