அவள் கணக்கில் இருக்கிறாள், கூப்பிடாதே

அன்புள்ள அம்மாடிக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் மகள் வாலுவும் இங்கே சுகம், என் முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் வாலுவின் வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டிருந்தார். காலமெல்லாம் வாத்தியாராக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவனை உன் மகள் இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டாள், போ. கணக்கில் மதிப்பெண் பாதியாகிவிட்டதாம், இப்படியே போனால் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் தேறுவதே சந்தேகமாம், செல்லை வாங்கி வைங்க சார் என்றார். நானும் ஏதோ விளையாட்டுதான் காரணம் என்று நினைத்து, சாயங்காலம் செய்தித்தாளோடு அவள் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு கணக்கில் பாதி போயிருப்பாள், செல் உறுமும். சாப்பிட்டியா என்று நீ. பதில் போட்டுவிட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பாள், மறுபடி உறுமும். என்ன படிக்கிற என்று நீ. அடுத்து வந்ததை என்னிடம் காட்டிச் சிரித்தாள், செல்லைத் தொடாமப் படிக்கிறியா என்று கேட்டிருந்தாய்! அப்புறம் பார்த்துக்கொள்ளேன் என்று நான் சொன்னால், பதில் வரலைன்னா அம்மா பயந்துடுவாங்க தாத்தா என்கிறாள்.

உன்னைக் குறை சொல்லவில்லை அம்மாடி, தூரத்தில் இருப்பவளுக்குக் கை சும்மா இருக்காது. ஆனால் எனக்கு நீ பத்தாவது படித்த வருஷம்தான் கண்ணுக்குள் வந்தது. பின்னறையில் தரையெல்லாம் தாளைப் பரப்பி, பென்சிலைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருப்பாய். உன் அம்மா கரண்டியோடு, சாப்பாடு ஆறுதுடி என்று கத்திக்கொண்டே வருவாள். நான் அறைவாசலில் நின்று, அவள் கணக்கில் இருக்கிறாள், கூப்பிடாதே என்று உதட்டில் விரல் வைப்பேன். வாத்தியார் வேலையை வீட்டிலயும் காட்டணுமா என்று முறைத்துவிட்டு, அவளும் என் பக்கத்தில் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். அடுப்பில் ஏதாவது தீயும். நீ ஒருநாளும் தலை நிமிர்ந்ததில்லை, நாங்கள் நின்றதே உனக்குத் தெரிந்திருக்காது. உன் அம்மா போனபிறகு அந்த அறைவாசலில் நான் மட்டும் நிற்கிறேன். நீயோ செல்லின் வழியாக உள்ளே வந்துவிடுகிறாய், உன்னை எப்படி மறிப்பேன்? அதற்காகத்தான் இந்தக் கடிதம். வாலுவிடம் பேசிவிட்டேன். பரீட்சை முடியும்வரை இங்கே சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை அவள் செல்லை அணைத்து என் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். அதற்கப்புறம் நீங்கள் இருவரும் ஆசைதீரப் பேசுங்கள். நீ பயப்பட மாட்டாய் என்று உன் வாயாலேயே அவளிடம் சொல்லிவிடு, அப்போதுதான் மனசு ஒன்றிப் படிப்பாள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நன்மையும் சேரட்டும். மறந்துவிடாதே, ஆறிலிருந்து எட்டு. அந்த நேரத்தில் கை துறுதுறுத்தால் என் எண்ணுக்கு அனுப்பு. சாப்பிட்டாயா என்று என்னை யாரும் கேட்டு நாளாயிற்று.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா